அண்ணன் குரலுக்குப் பின்னால் கத்தியவன்

மதினி,

இன்று காலை செந்தில் ஃபோனில் வாய்ஸ் போட்டிருந்தான். பதினான்கு விநாடி. "அம்மா, நல்லா இருக்கேன். சாப்புட்டேன். நீ மாத்திரை போட்டியா? நல்லா இருக்கேம்மா." அவ்வளவுதான். அதன் கடைசியில், அவன் விரலை எடுப்பதற்கு முன்னால், பின்பக்கம் யாரோ ஒருத்தன் கத்துகிறான். என்ன பாஷையோ தெரியவில்லை. ஒரு சொல்லோ, இரண்டு சொல்லோ. அதற்குள் அறுந்துவிடுகிறது.

மிளகாய் அரைக்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு மில்லை நிறுத்தினேன். ஃபோனைக் காதுக்குள் திணித்துக்கொண்டு கேட்டேன். என் மகன் பேசியதை ஒரு தடவைதான் கேட்டேன், மதினி. அந்தக் கத்தலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "எண்ணிக்கிண்ணி அடிக்கிறானாடி?" என்று கேட்டிருப்பாய். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

உனக்கு நடப்பு தெரியாதல்லவா, சொல்கிறேன். உன் மருமகன் குவைத்தில் ஒரு ஹோட்டலில் அடுப்படி வேலை பார்க்கிறான். நீ போவதற்கு முன்பே போனவன்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வந்து முகத்தைக் காட்டுவான். இப்போது மூன்று வாரமாக முகம் இல்லை. வெறும் வாய்ஸ். கேட்டால் நெட் சரியில்லை என்கிறான். நானும் என் பங்குக்கு, "ஏண்டா, வயசுக்கு வந்த புள்ள மாதிரி ஒளிஞ்சுக்கிற?" என்று கேலி பண்ணிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். எனக்கு வேறென்ன தெரியும்? பயம் வந்தால் வாயால் கேலி பண்ணுவேன். பிறவிக் குணம்.

ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாதம் ஒரு நாள் கம்பி பார்க்கிற நாள். சாயங்காலம் வரைக்கும் அறந்தாங்கி முழுக்க வராது. மில்லில் சும்மா உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. அதனால்தான் செந்திலின் பழைய நோட்டை எடுத்து உனக்கு எழுதுகிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, அப்படி இப்படித்தான் இருக்கும். நீ ரெண்டாவது படித்தவள். திருத்த உனக்குத் தகுதி கிடையாது.

அந்தக் கேசட்டு வந்த நாளைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் உன்னைக் கட்டிய ஆறாம் மாதம் சவுதிக்குப் போனது. கட்டட வேலை. மாதம் ஒரு கடுதாசி வரும். முத்து முத்தான எழுத்து. நான்தான் வாசிப்பேன். உனக்கென்று அண்ணன் எழுதிய வரிகளை மட்டும் முழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவேன். நீ முந்தானையை முறுக்கிக்கொண்டு நிற்பாய். அப்புறம் மாட்டுக் கொட்டகையில் வைத்துக் காலில் விழாத குறையாகக் கேட்பாய். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலையை உன் தலையில் கட்டிவிட்டுத்தான் சொல்வேன்.

அப்படி வந்துகொண்டிருந்த கடுதாசி ரெண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் மணமேல்குடிப் பக்கத்து ஆள் ஒருத்தர் லீவில் வந்தபோது ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடு கிடையாது. மேலே இருந்த இங்கிலீஷ் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன பாட்டுக் கேசட்டில், பதிவாகட்டும் என்று மேல்பக்கத்து ஓட்டையில் காகிதத்தை அடைத்து அண்ணன் தன் பேச்சைப் பதிந்திருந்தது. அப்போது எல்லோரும் அப்படித்தானே செய்தார்கள்.

வீட்டு டேப்பில் போட்டோம். ஆத்தா, நீ, நான், பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மாட்டைக் கேட்டது, மழையைக் கேட்டது, கடலை வெட்டியாச்சா என்று கேட்டது. உன்னைப் பற்றித் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. ஊரே கேட்கும் என்று தெரியும் அல்லவா. கடைசியில், "நான் நல்லா இருக்கேன், யாரும் கவலைப்பட வேணாம்" என்றது. டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நான் பொத்தானை அமுக்கப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒருத்தன், "ஒன், டூ, த்ரீ, ஃபோர்!" என்று கத்தினான். அடுத்த நொடி தகரக் கொட்டகையை நாலு பேர் கடப்பாரையால் அடித்துப் பிரிப்பது போல ஒரு சத்தம். அதற்கு நடுவில் அந்த ஆள் கத்துகிறான், மதினி, தொண்டை கிழியக் கத்துகிறான். ஆத்தா உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தது. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். ரெண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் நின்றது. பெருமூச்சு விட்டோம். மறுபடியும் அவன் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்றான். மறுபடியும் அடி.

நீ என் கையைப் பிடித்தாய்.

"எண்ணி எண்ணி அடிக்கிறான்டி உங்க அண்ணன," என்றாய்.

அதற்கப்புறம் வீடு எழவு வீடாகிவிட்டது. பேசி முடித்த அண்ணன் டேப்பை நிறுத்த மறந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரி கண்ணால் பார்த்தவள் மாதிரி சொன்னாள். அடி வாங்குகிறவன் சத்தமே கேட்கவில்லையே என்று யாரோ கேட்டார்கள். "அவரு எப்பவுமே சத்தம் போட மாட்டாரு," என்று சொல்லிவிட்டு நீ அழுதாய்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நீயும் நானும் அறந்தாங்கி வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. கடைக்காரர் துபாய் போய்வந்தவர், நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும் என்று பேர். கேசட்டை வாங்கிப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது பாட்டு, அக்கா," என்றார்.

நீ என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "தெரியுதுங்க. எதுக்காக இந்தப் பாட்டு விடுறான்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு என்ன தப்புப் பண்ணுனாரு?"

நம் ஊரில் திட்டு வாங்கினாலும் பாட்டு வாங்கினேன் என்றுதானே சொல்வோம். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிஜப் பாட்டுதான் என்று விளக்கிச் சொன்னார். வேலை கிடைக்காத வெள்ளைக்காரப் பயல்கள் நாலு பேர் சேர்ந்து முதலாளி, கவர்மெண்டு, பெத்தவர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் திட்டிப் பாடியிருக்கிறார்களாம். பாட்டை ஆரம்பிக்கத்தான் அப்படி எண்ணுவார்களாம். இதைச் சனம் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறதாம்.

"திட்டு வாங்குறதுக்குக் காசு குடுக்குறாங்களா?" என்று கேட்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் போய்விட்டார். ஊருக்கு வந்ததும் கதையை நான்தான் பரப்பினேன். ஒரு வாரத்துக்கு உன்னைப் பார்த்தவர்கள் எல்லாம் விரலை மடக்கி ஒன், டூ, த்ரீ என்று எண்ணினார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு போவாய். என் கேலியில் உனக்குக் கோபம் வந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கோபத்தைக் காட்டுகிற வழக்கம் அப்போது உனக்குக் கிடையாது.

ஆனால் அந்தக் கேசட்டை நீ விடவில்லை. ஆத்தா வயலுக்குப் போனதும் டேப்பை அடுப்படிக்குக் கொண்டுவந்து போடுவாய். அண்ணன் பேச்சை ஓட்டிவிட்டு அந்தக் கத்தலைக் கேட்பாய். எனக்கு முதலில் காது வலித்தது. அப்புறம் எனக்கும் பிடித்துப்போயிற்று. எதனால் என்று அப்போது சொல்லத் தெரியாது. இப்போது கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன். அவனுக்குப் பாடத் தெரியாது, மதினி. குழாயடியில் குடத்தைத் தூக்கி அடிக்கப் போகிற பொம்பளை குரல் அது. பாட்டில் நெளிவு கிடையாது, சுளிவு கிடையாது. யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. ரெண்டரை நிமிஷத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு மூஞ்சியில் அடித்தாற்போல நிற்கும். நாம் அந்த வீட்டில் ஒரு நாள்கூட அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. 'சரிங்க' என்றோம், 'ஆகட்டும்' என்றோம். அந்த ஆள் நமக்கும் சேர்த்துக் கத்தினான்.

மிளகாய் இடிக்கும்போது நீ அவனோடு சேர்ந்து எண்ணிவிட்டு உலக்கையைப் போட ஆரம்பித்தாய். உரல் உடைந்துவிடும் என்று நான் பயந்தேன்.

ஒரு மத்தியானம் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். நீ கையை நிறுத்திவிட்டு, "ஏடி, உங்க அண்ணன் எழுதுற ஆளுதானே?" என்றாய்.

"ஆமா."

"அப்பறம் எதுக்குப் பேசி அனுப்பியிருக்காரு?"

உன்மேல் ஆசை பெருகிவிட்டது, குரலை அனுப்பியிருக்கிறது என்றேன். நீ சிரிக்கவில்லை. நாம் எல்லோரும் கத்தினவனையே கவனித்துக்கொண்டு இருந்துவிட்டோம், பேசினவரைக் கவனிக்கவில்லை என்றாய். ஆத்தாவிடம் போய்ச் சொன்னாய். ஆத்தா ஒரே பேச்சில் முடித்துவிட்டது. நல்லா இருக்கேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், தோண்டித் துருவி ஆம்பளையைச் சங்கடப்படுத்தாதே என்றது. நீ சரிங்க அயித்தை என்றாய்.

மணமேல்குடிக்காரர் திரும்பிப் போகும்போது அந்தக் கேசட்டின் மறுபக்கத்தில் நாம் பேசிக் கொடுத்தனுப்பினோம். மறுபக்கம் முழுக்க அந்தப் பாட்டுத்தான். அதை அழித்துவிட்டுப் பேச வேண்டும். ஆத்தா பேசியது, சித்தப்பா பேசியது, பக்கத்து வீட்டுக்காரிகூட அவள் தம்பிக்கு விசா கேட்டுப் பேசினாள். உன் முறை கடைசியில்தான் வந்தது. சனம் பூராவும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ரெண்டு வரி சொல்லிவிட்டு எழுந்துவிடுவாய் என்றுதான் நினைத்தோம்.

டேப்பை ஓட்டியது நான்தான். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு உனக்குத் தலையாட்டினேன். நீ டேப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நாடா ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பேசினாய். முதல் வரியிலேயே அது உன் குரல் இல்லை.

"ஏங்க, நாந்தான். எழுதுற மனுசன் எதுக்குப் பேசி அனுப்பியிருக்கீங்க? கையில என்ன? நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு ஏழு தடவ சொல்லியிருக்கீங்க. நல்லா இருக்குறவங்க ஒரு தடவ சொன்னாப் போதும். எனக்கு அந்தப் பேச்சு வேணாம். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. சொல்லாம மறைச்சீங்கன்னா இங்கிட்டு ஒருத்தி இருக்கேங்கிறதயே மறந்துருங்க."

இதை நீ பேசவில்லை, மதினி, கத்தினாய். பாதியிலேயே ஆத்தா, "நிப்பாட்டுடி அத," என்று என்னிடம் சொன்னது. என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. எனக்கு ஆத்தா என்றால் பயம். இன்றைக்கும் அந்த விரல் ஏன் அமுங்கவில்லை என்று தெரியாது. நீ முடித்த நொடியில்தான் நிறுத்தினேன். நீ எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாய். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தோம். உன் கத்தல் முடிந்த இடத்தில், மூச்சு விடக்கூட நேரம் கொடுக்காமல், அழியாமல் கிடந்த பாட்டில் அந்த ஆள் கத்த ஆரம்பித்தான். நீ விட்ட இடத்தில் அவன் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த முறை என்னால் கேலி பண்ண முடியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வேறு யாரோ கையெழுத்தில் கடுதாசி வந்தது. சாரம் சரிந்து விழுந்து அண்ணனுக்கு வலது கை ரெண்டு இடத்தில் முறிந்திருந்தது. சரியாகக் கூடவில்லை. எழுத முடியாததால்தான் பேசியது. வேலைக்கு ஆகாதவன் என்று அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் கோணல் கையோடு செங்கல் தூக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு மாதம் தூக்கியிருந்தால் கையே போயிருக்கும் என்று தஞ்சாவூர் டாக்டர் அப்புறம் சொன்னார். உன் கேசட்டைக் கேட்டுத்தான் அண்ணன் கிளம்பி வந்தது. அறையில் எட்டுப் பேர் சேர்ந்து கேட்டார்களாம். பக்கத்துக் கட்டில்காரர், "ஒன் பொண்டாட்டிதான்யா இந்தக் கேசட்டுலயே நல்லாப் பாடியிருக்கு," என்றாராம்.

அண்ணன் அந்தக் கேசட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. இப்போதும் அண்ணன் அலமாரியில் இருக்கிறது. டேப் நாடாவைத் தின்றுவிடும் என்று பயந்து போட விடுவதில்லை. உன் குரலைக் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

பாட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. செந்தில் ஒரு தடவை கேசட்டின் ஓரத்தில் மிச்சமிருந்த எழுத்தை வைத்து ஃபோனில் தேடி எடுத்துக் கொடுத்தான். மில் ஓடும்போது போடுவேன். பெல்ட்டுச் சத்தமும் அதுவும் நன்றாகச் சேரும். அர்த்தம் சொல்லட்டுமா என்று கேட்டான். எனக்கு வேறு அர்த்தம் இருக்கிறது, உன் அர்த்தத்தை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். நீ ஒரு நாள் மில்லுக்கு வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "முப்பது வருசமாக் கத்துறான், இன்னும் இவன் கோவம் தீரலையாடி?" என்றாய். எத்தனையோ நல்ல பாட்டெல்லாம் அந்தந்தக் காலத்தோடு சலித்துப்போய்விட்டது. இவனுக்கு மட்டும் இன்றைக்குக் காலையில்தான் யாரோ துரோகம் செய்தது போல இருக்கிறது.

இனி எழுதப் போவதை எழுதாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

நீ எப்போதும் மிளகாயைத் தலையில் வைத்து, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்துதான் மில்லுக்கு வருவாய். போன வருஷம் சித்திரைக்கு அப்புறம் ஆட்டோவில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாய். நான் ஃபோன் போட்டு, "மகாராணிக்கு நடந்து வரக் காலு தேயுதாக்கும்," என்றேன். "வாயுத் தொல்லடி," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆடி பிறந்து நாலாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். எழுதுகிறவர் ஏன் பேசினார் என்று கண்டுபிடித்தவள் நீ. நடக்கிறவள் ஏன் ஆட்டோ பிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேலி பண்ணினேன். உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஊரில் எல்லோர் வலியையும் தோண்டி எடுத்துவிட்டு உன்னுடையதை மட்டும் சிரித்து மூடிவிட்டாயே.

இதை எழுதிவிட்டு நோட்டை மூடினேன். உனக்கு நான் செய்ததைத்தான் இந்த மூன்று வாரமாகச் செந்திலுக்கும் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. அந்தக் கத்தல் யாருடையதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். முகம் காட்டுகிற பிள்ளை ஏன் முகத்தைக் காட்டவில்லை?

ஃபோனை எடுத்து வாய்ஸ் பொத்தானை அமுக்கினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. நெட்டு, கேமரா என்று இன்னொரு பொய் சொன்னால் குவைத்துக்கு நானே வந்துவிடுவேன் என்று கத்தினேன். மூஞ்சியைக் காட்டு, இப்போதே காட்டு என்று கத்தினேன். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு முறைப்பு.

அனுப்பியதும் பயம் வந்துவிட்டது. அவன் வேலை நேரம். அத்தனை பேர் முன்னால் போட்டுக் கேட்டால் என்ன ஆவது? கோபித்துக்கொண்டு இருக்கிற வாய்ஸையும் நிறுத்திவிட்டால்? அவன் கேட்டுவிட்டதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அரைமணி நேரம் மில்லுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன்.

அப்புறம் வீடியோ காலில் வந்தான்.

இடது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் தோல் உரிந்து ரோஸ் நிறமாக இருந்தது, மதினி. எண்ணெய்ச் சட்டி சரிந்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனானாம், மருந்து போடுகிறானாம், ஆறி வருகிறதாம். மாமா வீட்டிலும் அத்தை போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இதையும் சொல்லி அம்மாவை அழ வைக்க வேண்டுமா என்று இருந்துவிட்டேன் என்றான். பின்னால் கத்தியது யார் என்று கேட்டேன். பெரிய சமையல்காரராம். "அது தெனமும் விடுற பாட்டும்மா, எல்லாருக்கும்தான்," என்றான்.

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ரொம்ப அசிங்கமா இருக்காம்மா?" என்று கேட்டான்.

"முன்னாடி மட்டும் என்னமோ மன்மதன் மாதிரி இருந்தியாக்கும்," என்றேன்.

சிரித்துவிட்டான். சிரித்தால் தோல் இழுக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். நான் ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், என் முகம் அவனுக்குத் தெரியக் கூடாது என்று.

ஆறுகிற வரைக்கும் தினமும் காலையில் கன்னத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினான். தலையாட்டுகிறவர்களை நம்பி நான் கெட்டது போதும். நாளைக்கு ஏழு மணி வரைக்கும் பார்ப்பேன். வரவில்லை என்றால் கேலி கிடையாது. நீ அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து கேட்டது போல நேராகக் கேட்பேன். என்னிடம் நீ விட்டுப்போனது அது ஒன்றுதான். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, நடுவில் அழுகை வந்துவிடுகிறது. இருந்தாலும் இன்றைக்குக் கேட்டேன், மதினி. அவன் சொல்லிவிட்டான்.